எல்விஎல், பிஎஸ்எல் தூண்களில் கோளாறா? அறிகுறியிலிருந்து காரணத்தைப் பிடிப்பது எப்படி

மரச்சட்ட வீட்டில் ஒரு தூணைச் சுற்றி விரிசலோ சரிவோ தெரிந்தால் எல்லோருடைய சந்தேகமும் முதலில் தூண் மேலேயே விழுகிறது. அது பொறியியல் மரத்தில், அதாவது மரத்தாள், கீற்று, பலகைகளை ஆலையில் பசையால் ஒட்டிச் செய்த கட்டையில் ஆன தூண் என்றால் கேட்கவே வேண்டாம். "ஒட்டுப்போட்ட கட்டைதானே, பசை விட்டிருக்கும்" என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள். ஆனால் பசை விடுவது மிக அபூர்வம். தூணின் மேல் முனை, கீழ் முனை, பக்கவாட்டுப் பிடிமானம், ஈரம் இந்த நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் வில்லங்கம் இருக்கும். தூணின் நடுப்பகுதி நசுங்கி உடைந்தது என்று கேள்விப்படுவதே அரிது. கீழே உள்ள வரிசையும் அந்த அனுபவக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது.

எந்த வகைத் தூண் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். எல்விஎல் (லாமினேட்டட் வெனீர் லம்பர்) என்பது சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள மரத்தாள்களை, எல்லா இழைகளும் நீளவாக்கில் ஓடும்படி அடுக்கி ஒட்டியது. பெரும்பாலும் 1¾ அங்குலத் தடிமனில் வரும். அதனால் தூணாக வைக்கும்போது இரண்டு மூன்று பலகைகளைச் சேர்த்துத்தான் வைப்பார்கள். பிஎஸ்எல் (பேரலல் ஸ்ட்ராண்ட் லம்பர்) நீண்ட மரக்கீற்றுகளை அழுத்திச் செய்தது. 3½, 5¼, 7 அங்குலம் என ஒரே கட்டையாகக் கிடைக்கும். வெளிப்பரப்பில் சிறு சிறு இடைவெளிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதன் தோற்றமே அப்படித்தான். எல்எஸ்எல்லில் (லாமினேட்டட் ஸ்ட்ராண்ட் லம்பர்) கீற்றுகள் குட்டை, ஏறக்குறைய ஒரு அடிதான். உயரமான சுவர்களின் ஸ்டட்களுக்கும் (சுவருக்குள் நிற்கும் செங்குத்துச் சட்டங்கள்) சிறிய தூண்களுக்கும் அது வரும். குளூலேம் என்றால் 38 மில்லிமீட்டர் அளவிலான பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியது.

கட்டையின் பக்கத்தில் முத்திரை இருக்கும். அதில் 1.8இ, 2.0இ என்பது போன்ற எண் நெகிழ்ச்சிக் குணகத்தைக் குறிக்கும், அதாவது 18 லட்சம், 20 லட்சம் பவுண்டு/சதுர அங்குலம். தூண் எளிதில் வளையுமா என்பதற்கு இந்த எண்தான் பதில். முத்திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பொறியாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

கையில் ரசமட்டம், தூக்குக்குண்டு, மெல்லிய நூல், ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), ஈரப்பத மீட்டர், கூரான குத்தூசி, டார்ச் இருந்தால் போதும்.

தூண் கண்ணெதிரே வளைந்துகொண்டு போவது போல் இருந்தாலோ, மேலே உள்ள உத்தரம் தூணை விட்டு நழுவத் தொடங்கியிருந்தாலோ, அடியில் மரம் கையால் பிய்க்கும் அளவுக்கு உளுத்திருந்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆட்களை வெளியேற்றுங்கள். தற்காலிக முட்டு கொடுக்கத் தெரிந்தவரை உடனே கூப்பிடுங்கள். ஆராய்ச்சி அப்புறம்.

அறிகுறி: தூணுக்கு அடியிலோ மேலேயோ உள்ள பலகை நசுங்கியிருக்கிறது

அடிக்கடி வருவது இதுதான், கவனிக்காமல் விடப்படுவதும் இதுதான். சுவரின் அடிப்பலகை மேல் தூண் நிற்கிறது. தூணின் கால் பலகைக்குள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் புதைந்திருக்கிறது. பலகையின் ஓரத்தில் இழைகள் பிதுங்கியிருக்கின்றன. மேலே கதவு மூலையில் ஜிப்சம் போர்டு சாய்வாக விரிந்திருக்கிறது.

காரணம் எளிது. மரத்தை இழையின் நீளவாக்கில் அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழைக்குக் குறுக்கே அழுத்தினால் அவ்வளவு தாங்காது. தூணில் சுமை நீளவாக்கில் இறங்குகிறது. அடிப்பலகையோ படுத்துக் கிடக்கிறது, சுமை அதன் இழைக்குக் குறுக்கே விழுகிறது. பொறியியல் மரத்தூண் வலுவானது என்பதாலேயே இந்தப் பிரச்சினை பெரிதாகிறது: தூண் தாங்குவதைப் பலகை தாங்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 3½ அங்குலச் சதுர பிஎஸ்எல் தூண், 1.8இ ரகம், 8 அடி உயரம், உலர்ந்த இடம், சுமை நடுவில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க வடிவமைப்பு முறையில் கணக்கிட்டால் தூண் சுமார் 11,000 பவுண்டு வரை தாங்கும். அதன் கால் தொடும் பரப்பு 12¼ சதுர அங்குலம். கீழே இருப்பது ஸ்ப்ரூஸ்-பைன்-ஃபர் வகைப் பலகை என்றால், குறுக்கு அழுத்தத்துக்கு அதன் அனுமதி மதிப்பு சதுர அங்குலத்துக்கு 425 பவுண்டு. பெருக்கினால் 5,200 பவுண்டுதான் வருகிறது. தூணின் வலுவில் பாதி கூட இல்லை. டக்ளஸ் ஃபர் பலகைக்கு 625, சதர்ன் பைனுக்கு 565 என்று எடுத்தாலும் பலகை தூணை எட்டிப்பிடிக்காது. உற்பத்தியாளரின் தூண் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு, "11,000 தாங்கும், நமக்கு 8,000தான்" என்று நிம்மதியாக இருந்தவர்களின் வீட்டில்தான் இந்த அறிகுறி வருகிறது.

ஒரு ஆறுதல்: குறுக்கு அழுத்தத்தில் மரம் திடீரென்று உடைவதில்லை. நசுங்கி நசுங்கி இறுகும். அந்த அனுமதி மதிப்பே உடையும் அளவை வைத்து வகுத்ததல்ல. சோதனையில் சுமார் 1 மில்லிமீட்டர் அமுங்கும் நிலையை வைத்து வகுத்தது. அதனால் கட்டடம் விழுந்துவிடும் என்பதைவிட, தரை இறங்கும், கதவு சிக்கும், சுவர் விரியும் என்பதே இங்கு கவலை.

நசுங்கலின் ஆழத்தை எப்படி அளப்பது? தூணை ஒட்டியுள்ள பலகைப் பரப்பின் மேல் ஒரு நேரான இரும்புச் சட்டத்தை வைத்து, பலகை தூண் அருகே எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஃபீலர் கேஜால் பாருங்கள். அங்கேயே ஈரப்பதமும் பாருங்கள். ஈரப் பலகை இன்னும் எளிதாக நசுங்கும், அப்படியானால் நீங்கள் தேட வேண்டியது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை.

சரிசெய்ய மூன்று வழி. முதல் வழி, தாங்கும் பரப்பைக் கூட்டுவது: தூணுக்கு இருபுறமும் ஸ்டட்களைச் சேர்த்து இறுக்குவது. சுமை அந்த ஸ்டட்களுக்கும் உண்மையில் போய்ச் சேரும்படி அவற்றின் மேல் முனையும் உத்தரத்தைத் தொட வேண்டும். சும்மா பக்கத்தில் நிற்க வைத்தால் அலங்காரம்தான். இரண்டாவது, தூணுக்கும் பலகைக்கும் நடுவே எஃகுத் தகடு. இது தகரம் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் தூணின் வடிவத்துக்கே வளைந்துகொடுத்துவிடும், சுமை பரவாது. தடிமனைப் பொறியாளர் சொல்ல வேண்டும். மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது: பலகையை அந்த இடத்தில் வெட்டி எடுத்துவிட்டு, தூணையே நேராகக் கான்கிரீட்டின் மேல், எஃகு அடிப்பாதத்தில் நிறுத்துவது. குறுக்கு இழை என்ற பிரச்சினையே பாதையிலிருந்து காணாமல் போய்விடும்.

மேல்முனையிலும் இதே கதைதான், இடம் மட்டும் மாறுகிறது. தூண் மேல் உட்காரும் உத்தரத்தின் அடிப்பக்கம் நசுங்கியிருந்தால், தூணின் அகலம் உத்தரத்துக்குப் போதவில்லை என்று பொருள்.

அறிகுறி: தூண் நிற்கும் இடத்தில் கீழே தரை இறங்குகிறது, அல்லது ரிம் பலகை (தரையின் வெளியோரத்தை மூடும் பலகை) வெளியே பிதுங்குகிறது

தூண் மேல்மாடியில் நிற்கிறதா, கீழ்த்தளத்திலா? மேல்மாடி என்றால், தூணுக்கு நேர் கீழே தரைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஐ-ஜாயிஸ்ட் (தரையைத் தாங்கும் I வடிவச் சட்டம்) தரைகளில் இது முக்கியம். ஐ-ஜாயிஸ்டின் நடுத்தகடு, மரச்சில்லுகளை ஒட்டிச் செய்த மெல்லிய ஓஎஸ்பி பலகை. ஒரே இடத்தில் குவிந்து இறங்கும் தூண் சுமையை அது தாங்காது, வளைந்து நொறுங்கும். தூணுக்கு நேர் கீழே நின்ற வாக்கில் மரக்கட்டைகளை வைத்து, சுமையைக் கீழ்ச்சுவருக்கு நேரடியாகக் கடத்த வேண்டும். இவற்றை ஸ்குவாஷ் பிளாக் என்பார்கள். ஜாயிஸ்ட் உயரத்தைவிட 1/16 அங்குலம், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டுவது வழக்கம். அப்போதுதான் சுமை முதலில் கட்டையில் விழும், ஜாயிஸ்டில் விழாது. தளத்தில் இந்தக் கட்டைகள் மறந்துபோவது சாதாரண விஷயம், ஏனென்றால் மேலே தரைப்பலகை அடித்தவுடன் யார் கண்ணிலும் படாது.

கீழ் அறையிலிருந்து உட்கூரைப் பலகையைத் திறந்து பாருங்கள். கட்டைகள் இல்லை என்றால் முட்டு கொடுத்துவிட்டு வைத்துவிடலாம், அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை. ஜாயிஸ்டின் நடுத்தகடு ஏற்கெனவே மடிந்திருந்தால் உற்பத்தியாளரின் பழுது விவரம் வேண்டும், கையில் கிடைத்த பலகையை ஒட்டிச் சமாளிக்க முடியாது.

கீழ்த்தளத்துத் தூண் என்றால் அடித்தளத்தைப் பாருங்கள். தனி ஃபூட்டிங் (சுமையை மண்ணில் பரப்பும் கான்கிரீட் அடிமானம்) இல்லாமல் 4 அங்குலத் தரை ஸ்லாப் மேலேயே தூணை நிறுத்தியிருக்கலாம், பின்னாளில் ஒரு சுவரை எடுத்துவிட்டு உத்தரம் போட்ட வீடுகளில் இது அதிகம். ஸ்லாபில் தூணைச் சுற்றி நட்சத்திரம் போல் விரிசல் கிளம்பியிருந்தால் கிட்டத்தட்ட உறுதி. அதற்குத் தூணை மாற்றிப் பயனில்லை. ஸ்லாபை வெட்டி, மண்ணின் தாங்குதிறனுக்கு ஏற்ற ஃபூட்டிங் போட வேண்டும்.

அறிகுறி: தூண் நிற்கும் இடத்தில் மேல்தரை மேடாகத் தெரிகிறது

இது முன்னதற்கு நேர்எதிர். தூண் நிற்கும் இடம் அப்படியே இருக்க, சுற்றியுள்ள தரை இறங்கிவிட்டது. புதிய வீட்டில் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில், குறிப்பாக முதன்முறை வீட்டைச் சூடாக்கிய பருவத்துக்குப் பிறகு இது தலைகாட்டும்.

மரம் காயும்போது குறுக்குவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்கவே சுருங்காது. பொறியியல் மரம் ஆலையிலிருந்தே உலர்ந்துதான் வருகிறது. சாதாரண அறுப்பு மரமோ 19 சதவீத ஈரத்துடன் வரலாம். இப்போது இரண்டு பாதைகளை ஒப்பிடுங்கள். சுவர் வழியே போகும் பாதையில் படுத்துக்கிடக்கும் 38 மில்லிமீட்டர் பலகைகள் மூன்று, அதோடு 286 மில்லிமீட்டர் ஆழமுள்ள அறுப்பு மர ஜாயிஸ்ட்: மொத்தம் 400 மில்லிமீட்டர் குறுக்கு மரம். ஈரம் 4 சதவீதம் குறைந்தால் குறுக்களவு சுமார் 1 சதவீதம் குறையும் என்பது நடைமுறைக் கணக்கு. 19-லிருந்து 8-க்கு இறங்கினால் 11 மில்லிமீட்டர் போய்விடும். தூண் வழியே போகும் பாதையில் குறுக்கு மரமே இல்லை என்றால் அது அசையாது. 11 மில்லிமீட்டர் மேடு கண்ணுக்கும் தெரியும், காலுக்கும் தெரியும்.

நூல் கட்டிப் பாருங்கள். மேடு தூண் இருக்கும் புள்ளியிலிருந்து இருபுறமும் சீராகச் சரிந்து, சுவரை அடையும்போது மறைந்தால் இதுதான் காரணம். ஒரு மாதம் விட்டு மறுபடி அளங்கள். ஈரம் சமநிலைக்கு வந்தபின் நின்றுவிடும். அதுவரை தூணின் தலையைச் சீவி மட்டம் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். காய்ந்து முடியாத கட்டடத்தில் சீவினால் மறுபடி சீவ வேண்டி வரும். காய்ந்து நின்றபின் தரைப்பூச்சில் சமன்செய்தாலே பெரும்பாலும் போதும்.

இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் வழி வேறு: ஜாயிஸ்டும் ரிம்மும் பொறியியல் மரமாகவே இருக்கட்டும், அல்லது தூணும் சுவரும் ஒரே அளவு குறுக்கு மரத்தின் மேல் நிற்கட்டும்.

அறிகுறி: தூண் வளைந்து தெரிகிறது

இதை அலட்சியமாக விடாதீர்கள். நேராக இருப்பதற்காகத்தான் கூடுதல் காசு கொடுத்துப் பொறியியல் மரம் வாங்குகிறோம். அது கண்ணுக்குத் தெரியும்படி வளைந்திருந்தால் ஏதோ ஒரு காரணம் நிச்சயம் இருக்கிறது.

மேலிருந்து கீழாக நூலை இழுத்துக் கட்டி, நடு உயரத்தில் விலகலை அளங்கள். அடுத்த பக்கத்திலும் அதே மாதிரி அளங்கள். எந்தத் திசையில் வளைகிறது என்பதுதான் பாதி விடை. அளவையும் தேதியையும் தூணிலேயே எழுதி வையுங்கள். விலகல் மாறாமல் இருந்தால் அது ஆரம்பத்திலிருந்தே இருந்ததாகவோ, தளத்தில் ஒருபக்கம் நனைந்து கிடந்ததால் வந்ததாகவோ இருக்கலாம். வாரத்துக்கு வாரம் கூடினால் தாமதிக்காமல் முட்டு கொடுங்கள்.

மெல்லிய பக்கத்தை நோக்கி வளைந்தால் பக்கவாட்டுப் பிடிமானம் போதவில்லை. 1¾ அங்குல எல்விஎல் ஒற்றைப் பலகை, சுவருக்குள் இருந்து இருபுறமும் பலகை அடித்திருந்தால், அந்தப் பலகைகளே மெல்லிய திசையில் வளையவிடாமல் பிடித்துக்கொள்ளும். சுவரைத் திறந்துவிட்டால் நிலைமை தலைகீழ். 8 அடி என்பது 96 அங்குலம், 1¾ஆல் வகுத்தால் ஏறக்குறைய 55. அமெரிக்க விதிப்படி உயரத்துக்கும் மெல்லிய அளவுக்கும் உள்ள விகிதம் 50-ஐத் தாண்டவே கூடாது. கட்டுமானம் நடக்கும்போது மட்டும் தற்காலிகமாக 75 வரை விடுகிறார்கள். புதுப்பிக்கிறேன் என்று ஜிப்சம் போர்டைக் கழற்றி, ஸ்டட்களை எடுத்து, தூணை மட்டும் தனியாக நிற்கவைத்த இடங்களில் இதைப் பார்க்கலாம்.

ஒல்லியான தூணின் வளைதல் வலு உயரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் காட்டிவிட்டார். 8 அடி தூணை அப்படியே 12 அடிக்கு நீட்டினால் மிச்சம் 44 சதவீதம்தான். இதே கணக்கு நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும்: நடு உயரத்தில் ஒரு பிடிமானம் கொடுத்தால் அந்தத் திசையில் நீளம் பாதியாகிறது. அந்தத் திசையில் மட்டும் என்பதை மறக்கக் கூடாது. அதோடு அந்தப் பிடிமானம் அசையாத ஒன்றில், சுவர்ப்பலகை அடித்த சட்டத்திலோ தரையிலோ போய் முடிய வேண்டும். இரண்டு ஒல்லித் தூண்களை ஒன்றோடொன்று கட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் வளையும்.

தடித்த பக்கத்தை நோக்கி வளைந்தால் சுமை நடுவில் இறங்கவில்லை என்று சந்தேகப்படுங்கள். உத்தரம் தூணின் தலையில் முழுதாக உட்காராமல் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது தூணின் பக்கத்தில் ஹேங்கர் (உலோகத் தாங்கி) வைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். தூணின் தலையில் இரண்டு உத்தரங்கள் சந்தித்து, ஒன்று நீளமான இடைவெளியையும் மற்றொன்று குட்டை இடைவெளியையும் தாங்கினாலும் இதே விளைவுதான். உற்பத்தியாளர் அட்டவணையின் அடிக்குறிப்பைப் படியுங்கள். சுமை நடுவிலிருந்து சிறிதளவு விலகுவதைச் சேர்த்தே கணக்கிட்ட அட்டவணைகள் உண்டு, ஆனால் பக்கத்தில் தொங்கும் உத்தரத்துக்கு அது போதாது. தலையில் எஃகுத் தொப்பி வைத்து உத்தரத்தை நடுவுக்குக் கொண்டுவருவதே நிரந்தர வழி.

வெளிச்சுவரில் உள்ள உயரமான தூண், பெரிய கண்ணாடிச் சன்னலுக்குப் பக்கத்தில் என்றால் காற்றையும் சேருங்கள். மேலிருந்து சுமை, பக்கத்திலிருந்து காற்று, இரண்டும் ஒரே நேரத்தில். காற்றடிக்கும்போது மட்டும் விரிசல் திறந்து மூடினால் தூண் உடையப்போகிறது என்றில்லை, விறைப்பு போதவில்லை. ஆழம் கூடிய தூணோ, பின்பக்கம் ஒட்டிப் போடும் எஃகோ தேவை.

அறிகுறி: சேர்த்து வைத்த எல்விஎல் பலகைகளுக்கு நடுவே இடைவெளி

மூன்று 1¾ அங்குலப் பலகைகளைச் சேர்த்தால் 5¼ அங்குலம். ஆனால் அது ஒரே கட்டையான 5¼ அங்குல பிஎஸ்எல்லுக்குச் சமம் அல்ல. வளையும்போது பலகைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். அமெரிக்க மர வடிவமைப்பு விதியில் அந்தத் திசைக்கு, ஆணியடித்த கூட்டுத்தூணின் வலுவை 0.6 ஆலும் போல்ட் போட்டதை 0.75 ஆலும் பெருக்கிக் குறைக்கிறார்கள். ஆணியும் சரியாக அடித்திருந்தால்தான் இந்த 0.6 கூட.

எது சரி? ஆணி எல்லாப் பலகைகளையும் ஊடுருவி, கடைசிப் பலகையில் குறைந்தது முக்கால் தடிமன் இறங்க வேண்டும். அடுத்தடுத்த ஆணிகள் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வர வேண்டும். ஒரு வரிசையில் ஆணிகளின் இடைவெளி மெல்லிய பலகைத் தடிமனின் ஆறு மடங்கைத் தாண்டக் கூடாது, 1¾க்கு அது 10½ அங்குலம். மூன்று பலகைக்கு முதல் விதியைப் போட்டுப் பாருங்கள்: ஆணி ஏறக்குறைய 4.8 அங்குலமாவது இருக்க வேண்டும். தளத்தில் துப்பாக்கியில் போட்டு அடிக்கும் 3½ அங்குல ஆணி இரண்டாவது பலகையோடு நின்றுவிடும். மூன்று பலகைத் தூண் வெடித்தாற்போல் விரிந்து நிற்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

இடைவெளிக்குள் ஃபீலர் கேஜை விட்டு, மேலிருந்து கீழ்வரை எங்கே திறக்கிறது என்று பாருங்கள். பலகைகள் கிண்ணம் போல் குழிந்திருந்தால் நனைந்திருக்கின்றன, முதலில் காயவிடுங்கள். ஈரத்தோடு இறுக்கினால் காய்ந்தபின் மறுபடி தளரும். அப்புறம் கிளாம்ப் போட்டு இறுக்கி, முழுத் தடிமனுக்கும் போகும் கட்டமைப்பு ஸ்க்ரூவோ போல்ட்டோ போடுங்கள். பசையை நம்பிச் செய்யும் வேலை இல்லை இது.

அறிகுறி: குளூலேம் தூணில் நீளவாக்கில் பிளவு

மரம் காய்ந்ததால் வந்த வெடிப்பா, ஒட்டு விட்டதா என்று பிரித்துப் பார்த்தால் போதும். வெடிப்புக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே கிழிந்த மர நார்கள் சிலும்பித் தெரிந்தால் அது மரம் காய்ந்ததால் வந்தது. பசைக்கோட்டுக்கு அருகிலேயே ஓடினாலும் கவலையில்லை. இருபுறமும் வழவழப்பாக, பசையின் நிறத்தோடு, நாரே ஒட்டாமல் இருந்தால்தான் ஒட்டு விட்டிருக்கிறது. வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று ஃபீலர் கேஜால் பல இடங்களில் அளங்கள். தூணை முழுக்கப் பிளந்து இரண்டு ஒல்லித் தூண்களாக ஆக்காதவரை, இறங்கும் சுமைக்கு மேலோட்டமான வெடிப்பு பெரிய பொருட்டல்ல. போல்ட் துளைகள் வழியாக ஓடும் வெடிப்பு மட்டும் விதிவிலக்கு, அதைப் பொறியாளரிடம் காட்டுங்கள்.

அறிகுறி: தூணின் அடி கறுத்து, ஊதியிருக்கிறது

பொறியியல் மரத்தின் பசை தண்ணீரைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் மரம் மரம்தான், பூஞ்சைக்கும் கரையானுக்கும் அதில் எந்தப் பாகுபாடும் இல்லை. இந்தக் கட்டைகளின் அட்டவணை மதிப்புகள் 16 சதவீதத்துக்குக் குறைந்த ஈரத்துக்கானவை. மரம் ஏறக்குறைய 28–30 சதவீதத்தைத் தொட்டால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். அதனால் 20-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஈரப்பத மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். அது சாதாரண மரத்துக்கு அளவீடு செய்தது. பசையும் செம்புப் பதப்படுத்தலும் எண்ணைக் கெடுக்கும். அதே தூணில் தோள் உயரத்தில் ஒரு முறை, அடியில் ஒரு முறை குத்திப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உங்களுக்குத் தேவை. பிறகு குத்தூசியால் அழுத்துங்கள். மேலே ஏறாத ஊசி கீழே சுலபமாக இறங்கினால் உளுத்திருக்கிறது.

தூண் நேரடியாகக் கான்கிரீட்டில் நின்றால் கீழ்முனை ஈரத்தை உறிஞ்சும். இழையின் வெட்டுமுகம் திறந்திருப்பதால் அங்கேதான் தண்ணீர் வேகமாக ஏறும். குறைந்தது 1 அங்குலம் தூக்கி நிறுத்தும் எஃகு அடிப்பாதம் வேண்டும். எல்எஸ்எல் ஊதியிருந்தால் காய்ந்தாலும் பழைய அளவுக்கு முழுதாகத் திரும்பாது, அழுத்தப்பட்ட கீற்றுகள் விரிந்துவிட்டவை விரிந்தவைதான்.

வெளிப்புறத் தூணுக்குப் பதப்படுத்திய பிஎஸ்எல் நல்ல தேர்வு. கீற்றுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள் வழியாக மருந்து ஆழமாக இறங்குகிறது. சாதாரண எல்விஎல்லை வாங்கிவந்து மேலே மருந்து பூசி வெளியே நிறுத்துவது வீண். பதப்படுத்திய கட்டையைத் தளத்தில் வெட்டினால் வெட்டுமுகத்தில் காப்பர் நாஃப்தனேட் பூசுங்கள். செம்புள்ள மருந்து சாதாரணத் துத்தநாகப் பூச்சை அரிக்கும். ஆணியும் அடிப்பாதமும் சூட்டில் தோய்த்த கனமான துத்தநாகப் பூச்சோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ ஆக இருக்கட்டும்.

அறிகுறி: ஆணி, துளை, வெட்டு உள்ள இடத்தில் பிளவு

எல்விஎல்லின் குறுகிய விளிம்பில் ஆணியடித்தால் அது பசைக்கோடுகளுக்கு இணையாக இறங்கி ஆப்பு போல் பிளக்கும். ஆணிகளைத் தள்ளித் தள்ளி அடியுங்கள், பெரிய ஸ்க்ரூவுக்கு முன்துளை போடுங்கள்.

வெட்டுதான் உண்மையில் ஆபத்து. உத்தரத்தில் துளை போட உற்பத்தியாளர் இடம் குறித்துத் தருவார், அதைப் பார்த்துப் பழகிய குழாய்க்காரரும் எலக்ட்ரீஷியனும் தூணிலும் அப்படியே கை வைக்கிறார்கள். 3½ அங்குலத் தூணின் ஒரு பக்கத்தில் 1 அங்குல ஆழத்துக்கு ஒரு பெட்டிக்காக வெட்டியதாக வைத்துக்கொள்வோம். போனது 29 சதவீதப் பரப்புதானே என்று தோன்றும். ஆனால் மிச்சப் பகுதியின் மையம் அரை அங்குலம் நகர்ந்துவிட்டது, சுமையோ பழைய இடத்திலேயே இறங்குகிறது. வெட்டின் ஓரத்தில் அழுத்தத்தைக் கணக்கிட்டால் முன்பிருந்ததைப் போல் மூன்று மடங்கு வருகிறது. வெட்டிய இடத்தில் மரத்துண்டை ஒட்டி நிரப்பினால் பார்க்க அழகாக இருக்கும், சுமை அதன் வழியே போகாது. முழு உயரத்துக்கும் பக்கத்தில் இன்னொரு தூண் நிறுத்துங்கள், அல்லது மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: நடக்கும்போது தூணின் தலையில் 'டிக்' சத்தம்

தூணின் மேல்முகம் சதுரமாக வெட்டப்படாததால் ஒரு ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். காகிதத்தைச் செருகிப் பாருங்கள், எங்கே நுழைகிறதோ அங்கே இடைவெளி. மென்மரச் சீவல் வைத்து நிரப்பாதீர்கள், அது நசுங்கிவிடும். முழுப் பரப்புக்கும் எஃகுத் தகடு வைக்க வேண்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

தூணுக்கு இருபுறமும் முட்டுச் சட்டம் கொடுங்கள். அந்த முட்டுகளின் கீழே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள்: பழைய தூணின் அடியில் ஃபூட்டிங் இருந்திருக்கும், முட்டு நிற்கும் இடத்தில் வெறும் தரைப்பலகையாக இருக்கலாம். ஜாக்கியை ஒரே மூச்சில் ஏற்ற வேண்டாம். இறங்கிய தரையைத் தூக்குவதென்றால் ஒரு நாளைக்கு 3 மில்லிமீட்டர் போதும், அவசரப்பட்டால் மேல்மாடிச் சுவரெல்லாம் விரியும்.

புதிய தூணை அளந்து வெட்டும்போது இருமுனையும் சதுரமாக இருக்கிறதா என்று மூலமட்டம் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். நிறுத்தியபின் இரண்டு திசையிலும் தூக்குக்குண்டு. ஜாக்கியை மெல்ல இறக்கி, சுமை தூணுக்கு வந்தபின் மறுபடி ஒரு முறை நூல் கட்டி அளந்து எழுதிவிட்டு, அதற்குப் பிறகே சுவரை மூடுங்கள்.